கதாநாயகி ஜெபித்ததும் கதவு திறந்துகொண்டால் அப்புறம் என்ன சஸ்பென்ஸ்? கிறிஸ்தவக் காதல் திகில் கதைகளில் விசுவாசமும் குடும்பமும்

பெரம்பூர் வாசகி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். என் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், 26-ஆம் எபியோடு (எபிசோடு) நின்றுபோயிருக்கிறேன். மூன்று வாரமாக 27-ஐ எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறது. எங்கே சிக்குகிறது என்பதை இங்கே கொட்டிப் பார்க்கிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கதை இதுதான். நாயகி தம்புச் செட்டித் தெருவில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸில் டாக்குமென்ட் வேலை பார்க்கிறாள். வீடு பெரம்பூர். ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, அம்மா, திருநெல்வேலியிலிருந்து வந்து தங்கிவிட்ட ஆச்சி. கிரானைட் என்று போகிற ஒரு கன்டெய்னரின் எடைமேடைச் சீட்டும் பேக்கிங் லிஸ்ட்டும் ஒத்துவராததை அவள் கவனிக்கிறாள். 2016 ஜூலை 1-லிருந்து சரக்கு ஏற்றிய ஒவ்வொரு கன்டெய்னருக்கும் சரிபார்த்த மொத்த எடையைக் கொடுத்தால்தான் கப்பலில் ஏற்றுவார்கள். அந்த ஒரு எண்ணில் ஆரம்பித்ததுதான் என் கதை. பெட்டிக்குள் இருப்பது செம்மரம். விசாரணைக்கு வரும் டிஆர்ஐ (கடத்தலைப் பிடிக்கும் மத்திய அரசுப் பிரிவு) அதிகாரிதான் நாயகன். அவன் கிறிஸ்தவன் இல்லை.

26-இன் முடிவில் அவளை மாதவரம் பக்கம் ஒரு குடோனில் அடைத்துவிட்டார்கள். இருட்டு, போன் கையில் இல்லை. அவள் ஜெபிக்கிறாள். அப்புறம்?

கல்லூரி நாட்களில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில்தான் இந்த வகை எனக்கு அறிமுகம். லவ் இன்ஸ்பயர்ட் சஸ்பென்ஸ் என்று 2005-இல் தொடங்கிய ஒரு ஆங்கில நாவல் வரிசை. மெல்லிய புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் காதல், ஆபத்து, விசுவாசம் என்று மூன்று இழை. முத்தத்துக்கு மேல் போகாது, கெட்ட வார்த்தை இருக்காது, அதனால் அம்மா ஒன்றும் சொல்லாமல் படிக்கவிட்டார்கள். அவற்றில் பலவற்றிலும் ஆபத்து கழுத்தை நெரிக்கும் நேரத்தில் விசுவாச இழை வந்து முடிச்சை அவிழ்த்துவிடும். படித்த காலத்தில் இது என்னை உறுத்தியதே இல்லை. எழுத உட்கார்ந்தபோது உறுத்துகிறது. மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன், மூன்றிலும் ஜெபம் ஒரு சாவி மாதிரி ஆகிவிடுகிறது. ஆச்சி ஜெபிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அது சாவி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அது என்ன என்று எழுத வரவில்லை.

இன்னொன்று, நாயகன் கடைசியில் ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா? இதற்கும் உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள்.

வேப்பேரி தம்பி

அக்கா, அந்தக் குடோனை விட எனக்கு உங்கள் பெரம்பூர் வீடுதான் முக்கியமாகப் படுகிறது. நீங்கள் வீட்டை மறந்துவிட்டீர்கள். 20-ஆம் எபியிலிருந்து ஆச்சிக்கு ஒரு வசனம்கூட இல்லை.

ஆங்கிலத்தில் இந்த வகையில் நான் முழுசாகப் படித்தது டீ ஹென்டர்சனின் ஓ'மாலி தொடர். அநாதை இல்லத்தில் வளர்ந்த ஏழு பேர், ரத்த சம்பந்தமே இல்லாதவர்கள், ஒரே குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு அண்ணன் தம்பி அக்கா தங்கை ஆகிறார்கள். கடைசித் தங்கைக்குப் புற்றுநோய். முதலில் விசுவாசத்துக்கு வருகிறவளும் அவள்தான், மற்ற ஆறு பேரிடமும் அவள்தான் பேசுகிறாள். குண்டு வெடிப்பு, பணயக்கைதி எல்லாம் உண்டு. ஆனாலும் 'இவள் போய்விட்டால் இந்த ஆறு பேர் என்ன ஆவார்கள்' என்ற பயம்தான் என்னைப் பக்கம் புரட்ட வைத்தது.

அங்கே குடும்பத்தைத் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. தனியாக வாழும் நாயகி, தனியாக வாழும் நாயகன், கடைசியில் ஒரு வீடு. "தேவன் தனிமையானவர்களுக்கு வீடுவாசல் ஏற்படுத்தி" என்று பைபிளில் சங்கீதம் 68-இல் வருவதுதான் அந்தக் கதைகளின் எலும்பு. நம் ஊரில் நாயகி தனியாக இருப்பதே கிடையாதே. எட்டு மணிக்கு மேல் ஆனால் அப்பா பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பார். 'யாரிடமும் சொல்லாதே' என்று வில்லன் மிரட்டினால், அமெரிக்க நாயகிக்கு அது ஒரு கட்டளை. பெரம்பூர்ப் பெண்ணுக்கு அது தினமும் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து அம்மா முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வது. இவ்வளவு பெரிய சஸ்பென்ஸை விட்டுவிட்டு மாதவரத்துக்கு ஏன் போனீர்கள்?

ஜாஃபர்கான்பேட்டை அம்மா

நான் பொதுவா எழுதமாட்டேன், படிச்சிட்டுப் போயிடுவேன். அந்த சாவின்னு சொன்னீங்க பாருங்க, அதுக்காக எழுதுறேன்.

2015 டிசம்பர் 1 ராத்திரி. ஆத்துத் தண்ணி எங்க தெருவுக்குள்ள வந்து கீழ்வீடு முழுகிருச்சு. நாங்க ஒன்பது பேர் மொட்டை மாடியில. கரண்ட் இல்ல, சிக்னல் இல்ல. 91-ஆம் சங்கீதத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருந்தோம். "உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன் சர்வவல்லவருடைய நிழலில் தங்குவான்." விடிஞ்சப்புறம் படகு வந்துச்சு. நாங்க பிழைச்சோம்.

ரெண்டு தெரு தள்ளி எங்க சபை அக்கா ஒருத்தங்க. கீழ்வீடு. அதே சங்கீதம் அவங்க வீட்டுச் சுவத்துல சட்டம் போட்டு மாட்டியிருக்கும். அவங்க பிழைக்கல.

தண்ணி வடிஞ்சப்புறம் நடந்த முதல் ஆராதனையில சாட்சி நேரம் வந்தது. எல்லாரும் ஒவ்வொருத்தரா எழும்பி கர்த்தர் எங்களைக் காப்பாத்தினார்னு சொன்னாங்க. நானும் எழும்பினேன். ரெண்டாவது பெஞ்சுல அந்த அக்காவோட வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் வாய் வரல. உட்கார்ந்துட்டேன். எனக்குக் கிடைச்சது நிஜம்தான். அதை அவர் முன்னாடி எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. பல வருஷம் ஆகியும் தெரியல.

அதுக்கப்புறம் தானியேல் புத்தகத்துல ஒரு இடம் என்னைப் பிடிச்சுக்கிச்சு. மூணு வாலிபரை அக்கினிச் சூளையில போடப்போறாங்க. எங்க தேவன் தப்புவிப்பார்னு சொல்லிட்டு, அடுத்த மூச்சுல "விடுவிக்காமற்போனாலும்" அப்படீன்னு ராஜா முகத்துக்கு நேரா சொல்றாங்க. சின்ன வயசுல இருந்து ஞாயிறு பள்ளியில படிச்ச கதை. அந்த ஒரு வார்த்தையை யாரும் எனக்கு நிறுத்திச் சொல்லித் தரல. உங்க பொண்ணு அந்தக் குடோன்ல அந்த வார்த்தையைச் சொல்லட்டும். அப்புறம் கதவு திறந்தாலும் சரி, திறக்காட்டியும் சரி, நான் நம்புவேன்.

பெரம்பூர் வாசகி

அம்மா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதவில்லை. எழுதியதற்கு நன்றி.

இரவுப்பணி

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஐசியு நர்ஸ். ஜெபித்தும் திறக்காத கதவுகளை வாரத்துக்கு ஐந்து நாள் பார்க்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு, கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும்போது போனில் கதை படிப்பேன். அந்த நேரத்தில் கதையிலாவது கதவு திறக்கட்டும் சிஸ். திறக்கும் என்று தெரிந்துதான் இந்த வகையைப் படிக்கிறேன். கொலைகாரன் பிடிபடுவான், கல்யாணம் நடக்கும், அப்பாவும் மகளும் பேசிக்கொள்வார்கள். அந்த உறுதி இருப்பதால்தான் நடுவில் எவ்வளவு பயந்தாலும் தாங்க முடிகிறது. அதை எடுத்துவிட்டால் நான் படிப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை.

வேப்பேரி தம்பி

இரவுப்பணி அக்கா சொல்வதும் சரி, அம்மா சொல்வதும் சரி. இரண்டும் ஒரே அதிகாரத்தில் இருக்கிறது. பைபிளில் அப்போஸ்தலர் 12.

இயேசுவின் சீடன் பேதுரு சிறையில், இரண்டு சங்கிலி, இரண்டு சேவகருக்கு நடுவில் தூங்குகிறான். தூதன் வந்து தட்டி எழுப்புகிறான், இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. இதை எல்லாரும் பிரசங்கிப்பார்கள். ஆனால் அதே அதிகாரம், இரண்டாம் வசனத்தில் இன்னொரு சீடன் யாக்கோபைப் பட்டயத்தினால் கொன்றுவிட்டார்கள். அவனுக்காகவும் அதே சபை ஜெபித்திருக்காதா? ஏன் ஒருவனுக்குத் திறந்தது, ஒருவனுக்குத் திறக்கவில்லை என்று அதை எழுதிய லூக்கா ஒரு வரி விளக்கம்கூடத் தரவில்லை. அடுத்தடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அதைவிட எனக்குப் பிடித்தது, காட்சி வீட்டுக்கு மாறுகிற இடம். மாற்கு என்கிற யோவானின் அம்மா மரியாள் வீடு. ராத்திரி நேரம், எல்லாரும் கூடி அவனுக்காக ஜெபிக்கிறார்கள். வாசற்கதவு தட்டும் சத்தம். ரோதை என்ற வேலைக்காரப் பெண் குரலை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிச் சொல்கிறாள். "நீ பிதற்றுகிறாய்" என்கிறார்கள். யாருக்காக ஜெபித்தார்களோ அவன் வாசலில் நிற்கிறான், ஜெபித்தவர்களே நம்பவில்லை! அவன் தட்டிக்கொண்டே இருக்கிறான். பிடிக்கத் துரத்துகிறவர்கள் எந்த நேரமும் தெருவில் வரலாம்.

அக்கா, உங்கள் 27 குடோனுக்குள் நடக்கவே வேண்டாம். வீட்டில் நடக்கட்டும்.

மாடித்தோட்டம்

தம்பி சொன்னதை நூறு தடவை ஆமோதிக்கிறேன்.

குடும்பம் என்றதும் எல்லாரும் பாதுகாப்பு என்று எழுதுகிறோம். ஆனால் ஆபத்தும் அன்பின் வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். என் தம்பி ஒரு கந்துவட்டிக்காரரிடம் மாட்டியிருந்தான். வீட்டைவிட்டுப் போய் சொந்தக்காரர் வீட்டில் இருந்தான். எங்கே என்று எங்கள் நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியவில்லை. சபைப் பெண்கள் கூடுகையில் ஜெப விண்ணப்பமாகச் சொல்லிவிட்டார்கள், ஊர் பேரோடு. அவர்களும் அன்பாகத்தான் வாட்சப் குழுவில் போட்டார்கள், இன்னும் பலர் ஜெபிக்கட்டும் என்று. மறுநாள் சாயங்காலத்துக்குள் கடன் கொடுத்தவரின் ஆட்கள் அந்த வீட்டு வாசலில். கைகலப்பு ஒன்றும் நடக்கவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் தம்பி அம்மாவிடம் அப்புறம் எட்டு மாதம் பேசவில்லை. அம்மா அந்த எட்டு மாதமும் கூடுகையில் வாயே திறக்கவில்லை.

யார் மேலும் பழி போட இதை எழுதவில்லை. அம்மா செய்தது அன்பு. அந்தச் சகோதரிகள் செய்ததும் அன்பு. நாயகி எங்கே இருக்கிறாள் என்பது வில்லனுக்குத் தெரிய வேண்டுமென்றால் போனை ஹேக் செய்ய வேண்டியதில்லை சிஸ். ஆச்சியின் ஜெப விண்ணப்பம் போதும். பிறகு ஆச்சி அதோடு எப்படி வாழ்கிறாள், அடுத்த நாள் எந்த வாயால் ஜெபிக்கிறாள் என்று எழுதுங்கள். எனக்குத் தெரிந்து இதை யாரும் எழுதவில்லை.

கோர்ட் வராண்டா

ஞானஸ்நானக் கேள்விக்கு வருகிறேன். சட்டப் பக்கம் வேலை பார்ப்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1872-ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும். நாயகன் மதம் மாறியாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கேட்பது சபைதான். பல சபைகளில் இருவருமே உறுப்பினராக இல்லாமல் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கமாட்டார்கள்.

அப்படியென்றால் இன்னொரு வழி 1954-ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் உங்கள் கதைக்கு ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. அறிவிப்பு கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். இருவர் பெயர், வயது, தொழில், வீட்டு முகவரி எல்லாம் எழுதிய அறிவிப்பை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுவார்கள். ஆட்சேபம் இருப்பவர்கள் அந்த 30 நாளுக்குள் சொல்லலாம். கடத்தல் கும்பலுக்கு எதிராகச் சாட்சி சொல்லப்போகும் ஒரு பெண்ணின் முகவரி 30 நாள் பலகையில். இதைவிட என்ன வேண்டும்? சபையில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கும்போது அம்மா அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, அதே படபடப்பு முப்பது நாளுக்கு.

ஆச்சி மகள்

சட்டம் இருக்கட்டும். எனக்கு 60 வயது தாண்டிவிட்டது, நேராகவே சொல்கிறேன்.

"அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக" என்ற வசனத்தை வைத்துத்தான் இந்த ஆங்கிலக் கதைகளில் நாயகன் கடைசிக்குள் விசுவாசி ஆகிவிடுகிறான். அதில் எனக்கு மறுப்பு இல்லை. நான் அந்த வசனத்தை நம்புகிறவள். ஆனால் நம் வீடுகளில் அந்த வசனம் யாருக்கு எடுத்துக் காட்டப்படுகிறது என்று பார்த்திருக்கிறேன். மறுபடி பிறந்த விசுவாசி, ஊழியத்தில் வாஞ்சை உள்ளவன், அதே சபை. ஆனால் வேறு சாதி. அப்போதும் வீட்டில் 'கர்த்தருடைய சித்தம் இல்லை' என்றுதான் சொன்னார்கள். சாதி என்ற வார்த்தை யார் வாயிலும் வரவில்லை. அவனுக்குக் கட்டிக்கொடுக்காத அந்தப் பெண் என் சொந்தத் தங்கை. அவளுக்குப் பிறகு கல்யாணமே அமையவில்லை. வரன் விளம்பரங்களைப் பாருங்கள் அம்மா, விசுவாசி வேண்டும் என்பதற்கு முன்னால் என்ன போட்டிருக்கிறது என்று.

உன் நாயகன் ஞானஸ்நானம் எடுத்துவிட்டால் பெரம்பூர் வீட்டில் எல்லாம் சரியாகிவிடுமா? அப்பா அப்போதும் "யோசிக்கலாம்" என்று சொன்னால் அவர் எதை யோசிக்கிறார்? இதை எழுதாமல் குடும்பம், விசுவாசம் என்று எழுதினால் பாதியை மறைக்கிற மாதிரி.

கொளத்தூர் மருமகள்

நான் கிறிஸ்தவள் இல்லை. வீட்டுக்காரர் குடும்பம் கிறிஸ்தவர்கள். மாமியார் கொடுத்துத்தான் இந்தக் கதைகளைப் படிக்க ஆரம்பித்தேன், இப்போது அவர்களைவிட அதிகம் படிக்கிறேன். ஒரே ஒரு கேள்வி. மதம் மாறுகிற நாயகனுடைய அம்மா எங்கே? நான் படித்தவற்றில் எல்லாம் அவளை முதலிலேயே சாகடித்துவிடுகிறார்கள், இல்லையென்றால் தூர ஊரில் விட்டுவிடுகிறார்கள். இங்கே அவள் திருவல்லிக்கேணியிலோ வில்லிவாக்கத்திலோ பூஜை அறையில் விளக்கேற்றிக்கொண்டு, மகன் துப்பாக்கியோடு வேலைக்குப் போய் உயிரோடு திரும்ப வேண்டுமே என்று உட்கார்ந்திருப்பாள். அவளும் ஜெபிக்கிறவள்தானே?

பைபிளில் ரூத் சொன்ன "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்" என்பதைப் போட்டு எனக்குக் கல்யாண வாழ்த்து அட்டை வந்தது. மாமியார்தான் அப்புறம் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டினார்கள். அது புருஷனிடம் சொன்னதே இல்லையாமே! மாமியாரிடம் சொன்னது. அதுவும், ஊர் போய்ச் சேர்ந்ததும் "என்னை நகோமி என்று சொல்லாமல் மாராள் என்று சொல்லுங்கள்" என்று சொல்லும் அளவுக்குக் கசந்துபோன ஒரு மாமியாரிடம். என் மாமியார் என்னை இதுவரை எதற்கும் கட்டாயப்படுத்தியதில்லை. அவர்கள் கூட உட்கார்ந்து ஏழரை மணி ஜெபத்தில் கண்ணை மூடிக்கொள்வது எனக்குப் பிடிக்கும். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. உங்கள் நாயகனுக்கும் இப்படி ஒரு இடம் இருக்கட்டும், கதை முடியும்போதுகூட.

இரவுப்பணி

இது அழகு.

ஜவ்வாது அடிவாரம்

சென்னைக்கு வேலைக்கு வந்தவன், ஊர் திருவண்ணாமலை மாவட்டம். செம்மரம் என்று பார்த்ததும் இழையைத் திறந்தேன். உங்கள் கதையில் அது ஒரு சரக்கு. எங்கள் பக்கம் அது வேறு. அந்த மரம் இயற்கையாக வளர்வது ஆந்திராவின் சேஷாசலம், கடப்பா பக்கத்து மலைகளில். வெட்டுக்கூலிக்குப் போகிறவர்கள் எங்கள் மலைக்காரர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் திருவண்ணாமலை, தர்மபுரி பக்கத்துக் கூலிகள். நாயகன் பிடிக்கிற கன்டெய்னருக்குள் இருக்கும் ஒவ்வொரு கட்டையையும் யாரோ ஒருவர் தோளில் சுமந்து இறக்கியிருப்பார். அவருக்கும் ஒரு வீடு உண்டு. கதையில் ஒரு பக்கமாவது கொடுங்கள்.

பெரம்பூர் வாசகி

அண்ணா, என் வீட்டுக் கதவு திறக்குமா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை எழுதுவேன். 31-ஆம் எபியில் சாட்சி சொல்லப் போகும் நாளில் அவள் சந்திக்கப்போவது அப்படி ஒரு வீட்டுப் பெண்ணை.

ஐந்து நாள் ஆயிற்று. 27-ஐப் புதிதாக ஆரம்பித்துவிட்டேன். குடோன் ஒரு வரிகூட இல்லை. பெரம்பூர் வீடு, ராத்திரி ஏழரை. மகள் இன்னும் வரவில்லை. ஆச்சி வழக்கம்போலப் பாமாலையை எடுக்கிறாள், பாட வரவில்லை, மூடிவைக்கிறாள். காலையில் கூடுகையில் தான் சொன்ன விண்ணப்பம்தான் இதற்குக் காரணம் என்று அவளுக்கு மட்டும் தெரியும் (மாடித்தோட்டம் சிஸ், உங்கள் அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்). எப்போதும் ஆச்சிதான் ஜெபிப்பாள். அன்றைக்கு "என்னால முடியல ராசா, நீ பண்ணு" என்று அப்பாவிடம் சொல்கிறாள். முப்பது வருஷமாக அந்த வீட்டில் சத்தமாக ஜெபித்தே இராத மனிதர். முழங்கால் போடுகிறார். நாயகன் வாசலோரம் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறான், உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல். அவன் பாக்கெட்டில் போன் அதிர்கிறது. அவனுடைய அம்மா.

அப்பா "ஆண்டவரே, எம் பிள்ளையைக் கொண்டு வந்துரும்" என்கிறார். அப்புறம் ஜாஃபர்கான்பேட்டை அம்மா சொன்ன அந்த வார்த்தைக்கு வருகிறார். "விடுவிக்கா..." அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. ஆச்சி கையை நீட்டி அவர் முதுகில் வைக்கிறாள். யாரும் ஆமென் சொல்லவில்லை.

இதுவரை எழுதியிருக்கிறேன். யாராவது வாசற்கதவைத் தட்டுவார்களா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சனிக்கிழமை ராத்திரி பதிவிடுகிறேன்.

ஜாஃபர்கான்பேட்டை அம்மா

அவர் அந்த வார்த்தையை முடிக்க வேண்டாம்மா. அப்படியே விட்டுடு.

இரவுப்பணி

சனிக்கிழமை எனக்கு நைட் டியூட்டி. மூன்று மணிக்குப் பார்ப்பேன்.